இராஜபாளையம் குட்டி வாங்குமுன்: நிறத்தைப் பார்க்காதீர்கள், காதைப் பாருங்கள்

(நாட்டு நாய் இனங்களைக் காக்கும் எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு)

தோட்டத்துக்கும் வீட்டுக்கும் காவலாக இராஜபாளையம் வளர்க்க விரும்புவோர் முதலில் கேட்பது, "நம்பி வாங்க ஆள் யார்?" என்றுதான். ஒரு பெயரையும் முகவரியையும் சொல்லி அனுப்புவது எளிது. ஆனால் வாங்குபவர் தாமே எடைபோடத் தெரிந்துகொண்டால்தான் இந்த இனம் பிழைக்கும். அதனால் எங்கள் அளவுகோலைப் பொதுவில் வைக்கிறோம்.

எங்கள் நிலைப்பாடு

தாய் நாயை நேரில் காட்ட வேண்டும். குட்டிக்குக் காது கேட்கிறது என்று உறுதிசெய்து தர வேண்டும். மாநில விலங்கு நல வாரியத்தில் வளர்ப்பாளர் பதிவு செய்திருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவரிடம் குட்டி வாங்கக் கூடாது.

காதுக்கு ஏன் முதலிடம்?

பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் இராஜபாளையத்தின் அடையாளமாகிவிட்டன. 2005இல் அஞ்சல் துறை வெளியிட்ட நாட்டு நாய் அஞ்சல் தலைகளில் இந்த இனமும் இடம்பெற்றது. தேசிய விலங்கு மரபணு வளப் பணியகமும் இதைத் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது. இவ்வளவு பெருமைக்கு நடுவே ஒரு குறை வளர்ந்திருக்கிறது. தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் உயிரணுக்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் குட்டி பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் உயிரணுக்கள் அழிந்துவிடும். வெள்ளையை மட்டுமே தேடித் தேடி இணைசேர்த்ததால், செவிட்டுக் குட்டிகள் பிறப்பது இந்த இனத்தில் அறியப்பட்ட சிக்கலாகிவிட்டது. நீலக் கண் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

நள்ளிரவில் கேட் சத்தம் கேட்காத நாய் காவலுக்கு உதவாது. தூங்கும்போது குழந்தை தொட்டால், ஆள் வந்தது தெரியாததால் திடுக்கிட்டு அது கடித்துவிடலாம். பிறகு பழி நாயின் மேல் விழுகிறது. தெருவில் விடப்படுவதும் அதுதான்.

நல்ல வளர்ப்பாளரை எப்படி அறிவது?

• குட்டிகள் பிறந்த இடத்துக்கே உங்களை அழைப்பார். தாய் மெலிந்து, புண்ணோடு, சங்கிலியிலேயே கிடந்தால் திரும்பிவிடுங்கள். பஸ் ஸ்டாண்டில் கூடையில் வைத்துக் கைமாற்றுபவரிடமும், போட்டோ அனுப்பி அட்வான்ஸ் கேட்பவரிடமும் வாங்காதீர்கள்.

• குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று நீங்கள் கைதட்டிப் பார்க்க மறுப்பு சொல்லமாட்டார். ஒவ்வொரு குட்டியையும் மற்றவற்றிடமிருந்து பிரித்துச் சோதியுங்கள். கூட்டத்தில் இருந்தால் மற்றவை திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பும். ஒரு காது மட்டும் கேட்காததைக் கைதட்டல் காட்டிக்கொடுக்காது. அதற்கு மூளைத்தண்டின் எதிர்வினையை அளக்கும் செவிச் சோதனையே வழி.

• தாய், தகப்பன் இரண்டின் வம்சாவளியையும் சொல்வார். நெருங்கிய இரத்த உறவில் மீண்டும் மீண்டும் இணைசேர்த்தால் குறைகள் பெருகும். கென்னல் கிளப் சான்றிதழ் வம்சத்தைத்தான் சொல்லும். உடல்நலத்துக்கு அது உத்தரவாதம் ஆகாது.

• எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தரமாட்டார். 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் இதையே சொல்கின்றன. தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் விளையாடித்தான் குட்டி, கடியின் அளவைக் கற்றுக்கொள்கிறது.

• தடுப்பூசி அட்டையும் குடற்புழு நீக்கிய தேதியும் கையில் வைத்திருப்பார்.

• உங்களிடமே கேள்வி கேட்பார்: காம்பவுண்டு சுவர் உண்டா, வீட்டில் சிறு பிள்ளைகள் உண்டா, பகலில் யார் இருப்பார்கள்? உங்களால் வளர்க்க முடியாமல் போனால் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் சொல்வார். கேள்வியே கேட்காமல் பணத்தை எண்ணுபவர் வியாபாரி மட்டுமே.

யார் என்ன செய்ய வேண்டும்?

வளர்ப்பாளர்களுக்கு: காது கேட்காத நாயையும் பெட்டையையும் இணைசேர்க்காதீர்கள். கறுப்பு, பழுப்பு நிறத்தில் பிறக்கும் குட்டிகளை ஒதுக்காதீர்கள். இனத்தின் செவியைக் காக்கும் நிறம் அவற்றிடம்தான் இருக்கிறது.

அரசுக்கு: கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் வழியாகச் செவிச் சோதனையைக் குறைந்த கட்டணத்தில், தென்மாவட்டங்களிலும் செய்துதர வேண்டும். பதிவு பெற்ற வளர்ப்பாளர் பட்டியல் எவரும் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

வாங்குவோருக்கு: அவசரப்படாதீர்கள். நல்ல வளர்ப்பாளரிடம் அடுத்த ஈற்றுக்குக் காத்திருக்க நேரலாம். பத்தாண்டுக்கு மேல் உங்கள் வாசலில் படுக்கப்போகும் உயிருக்காகச் சில மாதம் பொறுப்பது பெரிதில்லை. வாங்கிய பிறகு முதல் சில மாதங்கள் குட்டியைக் கட்டிப்போடாமல் மனிதர்களோடு பழக்குங்கள். பயந்து வளரும் நாய்தான் கண்டவரையும் கடிக்கும்.

வெள்ளைக்கு அதிக விலை கொடுப்பவர் இருக்கும்வரை செவிட்டுக் குட்டிகள் பிறந்துகொண்டேதான் இருக்கும். இராஜபாளையத்தை நேசிக்கும் ஒவ்வொருவரும் குட்டியின் நிறத்தைப் பார்க்குமுன், அதன் பின்னால் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள்.