ஊராட்சி மன்றத்தில் நமக்கு ஓட்டு எங்கே?

தோட்டத் தொழிலாளத் தோழர்களே!

கம்போங் ராஜாவில் குப்பை நாறினால் எந்தக் கதவைத் தட்டுவது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எல்லாவற்றையும் "கவர்மெண்டு" என்ற ஒரே சொல்லில் மூட்டை கட்டிவிட்டு, தலைவிதி என்று பெருமூச்சு விடுகிறோம். அந்தப் பெருமூச்சுதான் அதிகாரத்தில் இருப்போருக்குத் தாலாட்டு!

அறிந்து கொள்ளுங்கள். கடை லைசென்சு, கட்டட அனுமதி, மதிப்பீட்டு வரி ஆகியவை கேமரன் மலை மாவட்ட மன்றத்தின் கையில். நிலம் நில அலுவலகத்தின் கையில். குப்பை வாருவதோ, 2011 முதல் பகாங்கில் 672ஆம் சட்டப்படி கூட்டரசின் பொறுப்பு. தோட்டத்து லயத்தில் வீடும் தண்ணீரும் மின்சாரமும் 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டப்படி முதலாளியின் கடமை. தவறினால் தொழில் இலாகாவில் புகார் செய்யலாம்.

சரி, அந்த மாவட்ட மன்றத்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தவர் யார்? நாமா? இல்லை! அவர்கள் மாநில அரசு நியமித்தவர்கள். வரி நம்முடையது, நாற்காலி அவர்கள் தருவது!

என்றும் இப்படி இருந்ததில்லை. 1951-லேயே ஜார்ஜ் டவுன் மக்கள் நகராண்மைக்கு ஓட்டுப் போட்டார்கள். இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி, 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். 1966-இல் மோதல் ஓய்ந்தது; தேர்தல் திரும்பவில்லை. நம்மவரான ஆதி நாகப்பன் தலைமையேற்ற அரச ஆணையம் 1968-இல் தந்த அறிக்கை, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டுமென்றது. அதைக் கிடப்பில் போட்டு, 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தில் தேர்தலுக்கே முடிவு கட்டினார்கள்.

ஊராட்சித் தேர்தல் வந்தால் இன வேற்றுமை வளருமாம்! 2022 நவம்பர் 19-இல் இதே மக்கள், 18 வயது இளைஞர்களோடு வரிசையில் நின்று நாடாளுமன்றத்துக்கும் பகாங் சட்டமன்றத்துக்கும் ஓட்டுப் போட்டார்களே! நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கத் தகுதியுள்ளவனுக்குத் தன் தெருவை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கத் தகுதி இல்லையா?

ஓட்டுத் திரும்பும்வரை வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. மன்றமே தீர்மானித்து மூடினாலன்றி, மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது என்று அதே 1976ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆகவே தானா ராத்தாவுக்குக் கூட்டமாகச் செல்லுங்கள், உட்கார்ந்து கேளுங்கள். குறைகளை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். சட்டமன்ற உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வரும்போது, "எங்கள் ஊராட்சி ஓட்டு எங்கே?" என்று முகத்துக்கு நேரே கேளுங்கள்.

கேளாத உரிமை கிடைக்காது, தோழர்களே!