பாதி ஊரின் தோழமை

காப்பிக் கடையைக் கண்டு மன்னன் ஒருவன் நடுங்கினான் என்றால் நகைக்கத் தோன்றும். வரலாறு அதைத்தான் கூறுகிறது!

துருக்கியின் இஸ்தான்புல் நகரிலே 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் காப்பிக் கடைகள் தோன்றின. அலெப்போவிலிருந்தும் டமாஸ்கஸிலிருந்தும் வந்த இருவர் அவற்றைத் தொடங்கினர் என்று பெச்செவி என்னும் வரலாற்றாசிரியர் குறித்துள்ளார். வணிகரும் படைவீரரும் கவிஞரும் தோளுரச அமர்ந்தனர். அமர்ந்தவர்கள் பேசினர், பேசியவர்கள் ஆட்சியை எடைபோட்டனர். பள்ளிவாசல் வெறுமையாகிறது, காப்பிக் கடை நிரம்புகிறது என்று மதவாணர் புலம்பினர். சுல்தான் பொறுப்பானா? 1633-இல் நான்காம் முராத் கடைகளை மூட ஆணையிட்டான். காப்பி கசந்ததாலா? அல்ல, கருத்துக் கசந்ததால்!

ஆணை மறைந்தது, கடைகள் மீண்டும் திறந்தன. 19-ஆம் நூற்றாண்டில், செய்தித்தாள் வைத்த கடைகள் 'கிராத்தானே', அதாவது வாசிப்பகம், என்று பெயர் பெற்றன. இன்றும் அந்நகரின் பல தெருக்களில், இடை சிறுத்த கண்ணாடிக் குவளையிலே பாலில்லாத் தேநீர் ஆவி பறக்க, பகடை உருட்டித் 'தவ்லா' ஆடியபடி ஆண்கள் மணிக்கணக்கில் அமர்ந்திருக்கின்றனர். வேலையற்றவனுக்கு வேலைச் செய்தியும், முதியவனுக்குப் பேச்சுத் துணையும், துயருற்றவனுக்கு ஆறுதலும் அங்கே கிடைக்கின்றன. தோழமைக்கு அது தொட்டில், நாம் மறுக்கவில்லை.

ஆனால், அங்கே பெண் எங்கே?

துருக்கிப் பெண்கள் 1930-இல் நகராட்சித் தேர்தலுக்கும் 1934-இல் நாடாளுமன்றத் தேர்தலுக்கும் வாக்குரிமை பெற்றனர். பிரெஞ்சுப் பெண்களுக்கே அவ்வுரிமை 1944-இல்தான் கிட்டியது. நாடாளுமன்றத்தின் கதவு திறந்தது. தெருமுனைக் கடையின் கதவோ திறக்கவில்லை! தடைச் சட்டம் ஏதுமில்லை. அவளைத் திருப்பி அனுப்ப ஆண்களின் பார்வையே போதும். புதுப்பாங்கான சிற்றுண்டிச் சாலைகளில் இருபாலரும் கலந்து அமர்கின்றனர், உண்மை. பழைய மரபுக் கடையோ பெரும்பாலும் ஆணின் கோட்டையாகவே நிற்கிறது.

'ஆண்கள் பொழுதுபோக்கும் இடம்தானே, அதனால் என்ன கேடு?' என்பர் சிலர். கேடு இதுதான்: வேலை எங்கே, வாடகை எவ்வளவு, வாக்கு யாருக்கு என்பதெல்லாம் பேசி முடிவாகும் இடம் அது. அங்கே இல்லாதவளுக்கு முடிவு மட்டும் வீடு தேடி வரும்.

துருக்கியைச் சுட்டும் விரல் நம் தெருவையும் சுட்டட்டும். நம் இயக்கம் வளர்ந்ததும் தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் படிப்பகங்களிலும்தான். ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, எழுத்தறியாதோர் சூழ்ந்து நின்று கேட்டனர். பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டு மாநாட்டில் முழங்கிய இயக்கம் இது. தோழர்களே, உங்கள் ஊர்ப் படிப்பகத்துக்குச் செல்லுங்கள். பலகையில் அமர்ந்திருப்போரை எண்ணுங்கள். அவர்களுள் உங்கள் தங்கை உண்டா?

இல்லையெனில், மேடையிலே பேசும் பெண் விடுதலைக்குப் பொருள் என்ன? ஓரமாக ஒரு நாற்காலி ஒதுக்கித் தருவது கருணை. கருணை வேண்டாம்! அவள் வந்து நடுவிலே அமரட்டும். ஏட்டை அவளே உரக்கப் படிக்கட்டும். சூழ்ந்து நின்று நாம் கேட்போம்!