ஜொகூரின் முதல் சுல்தானுடைய தாய்வழி

வாசகர்களே, பால்மரம் வெட்ட வந்தபோதுதான் இந்த மண்ணுக்கும் நமக்கும் ஒட்டு ஏற்பட்டது என்று நினைக்கிறீர்களா?

பழைய மலாக்காவில் சுல்தானுக்கு அடுத்த பதவி பெண்டஹாரா. 1500 முதல் 1510 வரை அதில் இருந்தவர் துன் முத்தாஹிர். அவருடைய பாட்டனார் மணி புரிந்தான் இந்தியாவிலிருந்து வந்து மலாக்காவில் பெண்ணெடுத்தவர் என்கிறது 'செஜாரா மெலாயு'. தமிழ் முஸ்லிம் வழி என்பார்கள்.

முத்தாஹிரின் மகள் பாத்திமா பேரழகி. அவளைத் தனக்குக் காட்டாமலே உறவினர் துன் அலிக்குக் கட்டிக்கொடுத்துவிட்டாரே என்று சுல்தான் மாமுட்டுக்கு மனத்தாங்கல். அந்நேரம் பார்த்து, பெண்டஹாரா அரியணைக்கு ஆசைப்படுகிறார் என்று கோள் கிளம்பியது. கோள் மூட்டியவர்களில் ராஜா மெண்டலியார் என்ற வணிகரும் ஒருவர். மெண்டலியார் என்பது நம் முதலியார்தான், என்ன செய்வது!

1510இல் தகப்பன், கணவன், உடன்பிறந்தவன் எல்லாரும் கொலையுண்டார்கள். கொல்லச் சொன்னவனுக்கே பாத்திமா மனைவியானாள். அதன்பின் அவள் முகத்தில் சிரிப்பே இல்லையாம்.

மறுவருடம் மலாக்கா போர்த்துக்கீசியர் வசமாயிற்று. 1528இல் மாமுட் கம்பாரில் இறந்தார். பாத்திமா பெற்ற அலாவுதீன் ரியாயத் ஷா ஜொகூரின் முதல் சுல்தானானார். கோத்தா திங்கி பக்கம் போனால், அவர் காலத்து ஜொகூர் லாமா கோட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.