"பால் பத்தலை" என்று சொல்வதற்கு முன்...

ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம் கொண்டாடுகிறார்கள். சுவரொட்டி, கருத்தரங்கு, "தாய்ப்பாலே சிறந்தது" என்ற வாசகம்... எல்லாம் நல்லதுதான். ஆனால் பிரசவமாகி மூன்றாம் நாள், முதுகுவலியோடு அழுகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விழிக்கும் பெண்ணுக்கு வாசகம் எதற்கு? எப்படிப் பிடிப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டித்தர ஒரு ஆள்தான் வேண்டும்.

பல வீடுகளில் நடப்பது வேறு. குழந்தை அழுதவுடன், பார்க்க வந்தவர்களில் ஒருவர் "பால் பத்தலை போலிருக்கு" என்பார். சாயங்காலத்துக்குள் பவுடர் டப்பா வந்துவிடும். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். புட்டிப்பாலில் வயிறு நிறைந்த குழந்தை சப்புவது குறையும், சுரப்பதும் குறையும். கடைசியில் அந்த உறவினர் சொன்னதே உண்மையாகிவிடும்! பழி மட்டும் தாய்க்கு.

பல நேரங்களில் குறை பாலில் இல்லை, பிடிக்கும் விதத்தில்தான். தாய் குனிந்து மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோனால் கழுத்தும் முதுகும் வலிக்கும். முதுகுக்கும் கைக்கும் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு, குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். குழந்தையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில், அதன் வயிறு தாயின் வயிற்றை ஒட்டி இருக்கட்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடிக்க நம்மால் முடியுமா? வாயை அகலத் திறந்து, காம்போடு அதைச் சுற்றியுள்ள கரும்பகுதியையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். காம்பை மட்டும் சப்பினால் புண்ணாகும், பாலும் சரியாக வராது.

எல்லோருக்கும் ஒரே முறை பொருந்தாது. சிசேரியன் ஆனவர்களுக்கு மடியில் வைத்தால் தையல் வலிக்கும். அவர்கள் குழந்தையின் உடலைக் கக்கத்தின் கீழ் இடுக்கி, தலையைக் கையில் தாங்கிக் கொடுக்கலாம். இரட்டைக் குழந்தைகளுக்கும் இது வசதி. இல்லாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம். பாதி சாய்ந்தபடி மார்பின்மேல் குழந்தையைக் கிடத்தினால், சில குழந்தைகள் தாமாகவே தேடிக் கவ்விக்கொள்ளும். சோபாவில் மட்டும் குழந்தையோடு தூங்கிவிடக்கூடாது, அது ஆபத்து.

பால் போதுமா என்பதை அழுகையை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. முதல் வாரம் முடிந்தபின் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் போதுமான பால் கிடைக்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால் டாக்டரிடம் போகவேண்டும். அவர் பவுடர் பால் தரச் சொன்னால் அதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

குழந்தைகளுக்கான பவுடர் பாலுக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்ய இந்தியாவில் 1992-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். உறவினர் வாய்க்குத்தான் சட்டம் இல்லை! எனவே அடுத்தமுறை பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் ஆலோசனையை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு தலையணையை எடுத்துக் கொடுத்து, ஒரு சொம்பு தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே நிற்கலாம். அந்தத் தாய்க்கு அதுவே பெரிய உதவி.