சிவராத்திரியும் மூன்றாவது படமும்

மகா சிவராத்திரியை முன்னிட்டு இந்த வாரம் அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலைப் பற்றி, தேய்பிறை அஷ்டமிதோறும் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து சாம்பல் பூசணியில் விளக்கேற்றிச் செல்லும் அந்த ஸ்தலத்தின் மகிமையைப் பற்றி, சிரத்தையுடன் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஜாகரணம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு மதிலோரம் குந்தியிருந்த நாலைந்து பிள்ளைகள், ஆளுக்கொரு கைப்பேசியில் சினிமாவைத் தள்ளித் தள்ளிப் பார்த்த காட்சி என் மனத்தைக் கெடுத்துவிட்டது.

"ஏம்ப்பா, முழுசாப் பாக்கறதில்லையா?"

"இழுவையைத் தள்ளிட்டா சீக்கிரம் முடிஞ்சிரும் தாத்தா."

சீக்கிரம் முடிப்பதற்கா ஒருவன் சிவராத்திரியில் விழித்திருப்பது!

எங்கள் காலத்து விழிப்பு டூரிங் டாக்கீஸில் நடந்தது. கீற்றுக் கொட்டகை, தரை டிக்கெட்டுக்கு மணல், பின்னால் பெஞ்சு. புரொஜக்டர் ஒன்றே ஒன்று என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் முறுக்குக்காரனுக்கு ஓர் இடைவேளை. ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜன் பிள்ளையாரைப் பாடத் தொடங்கினால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். சிவராத்திரியன்று மட்டும் ஒரே டிக்கெட்டில் இரண்டு மூன்று படங்கள் விடிய விடிய ஓடும். நியூயார்க்கின் 42-ஆம் தெருவில் மலிவுக் கொட்டகைகள் இரட்டைப் படங்களை இரவெல்லாம் ஓட்டிய வரலாற்றை இன்று மேதாவிகள் ஆராய்கிறார்கள். அந்த ரசிகர்களுக்குக் கிட்டாத பாக்கியம் ஒன்று எங்களுக்கு இருந்தது. படம் பார்த்ததும் புண்ணியக் கணக்கில் சேர்ந்தது.

முதலில் 'திருவிளையாடல்', பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், பிறகு தூங்கிவிடுவார்கள். அடுத்து விட்டலாச்சாரியாவின் 'ஜகன்மோகினி'. விறகுக்குப் பதிலாகப் பேய் தன் காலையே அடுப்பில் வைத்து எரிக்கும் கட்டத்தில், மணலில் படுத்திருந்த பிள்ளைகள் எழுந்து தாயாரின் முந்தானையைப் பற்றிக்கொள்ளும். மூன்றாவதாக, கண் செருகும் ஜாமத்தில், டைரக்டர் கர்ணன் எடுத்த படம் ஒன்று.

என் கர்ண பக்தி வாசகர்கள் அறியாததன்று, இம்முறையும் பொறுத்தருள்க. 'கற்பகம்' போன்ற குடும்பச் சித்திரங்களுக்கு ஒளிப்பதிவு செய்த அந்த மனிதர், 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா', 'ஜக்கம்மா' (இரண்டும் 1972), 'எங்க பாட்டன் சொத்து' (1975) என்று டைரக்டராகி, இத்தாலியர்கள் எடுத்த அமெரிக்கக் கௌபாய் கதைகளை நம் பொட்டல் காட்டுக்கு இறக்குமதி செய்து, ஜெய்சங்கருக்குத் தொப்பியும் துப்பாக்கியும் கொடுத்துக் குதிரைமேல் ஏற்றினார். தமிழ்நாட்டில் எந்தத் தாலுகாவில் கௌபாய் இருந்தான் என்று கேட்கும் நிலையில் விடியற்காலை மூன்று மணிக்கு எவரும் இல்லை. புழுதியைக் கிழித்துக்கொண்டு குதிரை நேரே நம்மேல் பாய்வதுபோல் வரும். தரை டிக்கெட்டில் முன்வரிசை மொத்தமும் காலை மடக்கிக்கொள்ளும். கதை எங்கே போகிறது என்பது எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. ஆனால் பார்க்கிறவன் கண்ணயரும் தருணத்தைக் கண்டுபிடித்து, சரியாக அவ்விடத்தில் ஒரு துரத்தலையோ ஒரு குளியலையோ வைக்கும் வித்தை சாமானியமானதன்று. குளியல்தான் அவருக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது. 'ஜம்பு' (1980) என்ற பெயரைச் சொன்னாலே இன்றும் சில கனவான்கள் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார்கள். அவர்களும் அதைப் பார்த்தவர்களே. அந்தக் காட்சிகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அவற்றைச் சாக்கிட்டுக் காமிராவின் பராக்கிரமம் முழுவதையும் கணக்கிலிருந்து தள்ளிவிட்டு, தமிழ்ச் சினிமாவின் சரித்திரம் எழுதுகிற வித்வான்கள் இவரை ஒரு வரியில் கடந்துபோவதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

முன்பு இதே பத்தியில் கர்ணனைப் புகழ்ந்தபோது, சண்டைப் படங்களுக்குப் பெயர்போன மாடர்ன் தியேட்டர்ஸை மறந்தீரே என்று சேலத்து அன்பர் ஒருவர் சீறியிருந்தார். மறக்கவில்லை ஐயா. டி.ஆர். சுந்தரத்தின் கம்பெனிக்கு ஏற்காடு சாலையில் ஒரு வளைவாவது நிற்கிறது; அதன் முன்னால் நின்று ஜனங்கள் படம் பிடித்துக்கொள்கிறார்கள். கர்ணன் படம் ஓடிய கொட்டகைகளில் ஒரு கீற்றுகூட மிஞ்சவில்லை.