வாவிக்கரையின் துயரை எழுதுவது யார்?

கடந்த இருபது ஆண்டுகளில் மட்டக்களப்பு வாவிக்கரையில் மிகுதியாக எழுதப்பட்ட இலக்கிய வகை எது? சிறுகதையன்று, கவிதையன்று, நாடகமுமன்று. நன்கொடை கோரும் திட்ட முன்மொழிவே அது என்று கூறினால் மிகையாகாது. அதற்கென்று ஒரு நடை உண்டு. ஒரு மரபு உண்டு. மாற்ற முடியாத ஒரு முடிவும் உண்டு. முதற்பகுதியில் மக்கள் அறிவும் ஆற்றலும் அற்றவர்களாகக் காட்சி தருவார்கள். நடுப்பகுதியில் ஸ்தாபனம் தோன்றும். பன்னிரண்டாம் மாதத்தின் கடைசி நாளில் அதே மக்கள் ‘வலுவூட்டப்பட்டவர்கள்’ ஆகிவிடுவார்கள். இந்த இலக்கியம் தமிழில் எழுதப்படுவதில்லை. அதன் கதைமாந்தர்கள் அதை வாசிப்பதும் இல்லை. அதன் வாசகர் கடல்களுக்கு அப்பால், ஏதோ ஒரு மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார்.

இலக்கியம் யாருக்காக என்று தயங்காமல் கேட்டு வந்தவர்கள் நாம். அதே கேள்வியை இந்த எழுத்தை நோக்கியும் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

வெளிநாட்டுத் தொண்டர் நமக்குப் புதியவர் அல்லர். 1958இல் பிரிட்டனிலும் 1961இல் அமெரிக்காவிலும் இளைஞர்களைத் தொண்டர்களாக வெளிநாடுகளுக்கு அனுப்பும் இயக்கங்கள் தொடங்கப்பெற்றன. 1962இலேயே அமெரிக்கத் தொண்டர்கள் இலங்கைக்கு வந்து பாடசாலைகளில் கற்பித்தார்கள். அன்றும் அந்த வருகைக்குப் பின்னால் வல்லரசுகளின் கெடுபிடிப் போர் இருந்தது என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் அன்று வந்தவர் கரும்பலகையின் முன் நின்றார். மாணவரின் முகத்தைப் பார்த்துப் பேசினார். போரும் கடற்கோளும் நம்மைத் தாக்கிய பின்னர் வந்தவருக்கோ வேறொரு வேலை காத்திருந்தது. உள்ளூர்த் தொண்டு ஸ்தாபனத்தின் அலுவலகத்தில் கணினியின் முன் அமர்ந்து, அந்த ஸ்தாபனத்துக்காக நிதி வேண்டி விண்ணப்பம் எழுதுவதே அந்த வேலை.

இது ஏன் நேர்ந்தது? நமது மக்களுக்குத் தமது குறையைச் சொல்லத் தெரியாததனாலா? இல்லை. சொல்ல வேண்டிய மொழியும் வடிவமும் வேறிடத்தில் தீர்மானிக்கப்பட்டுவிட்டன. குறிக்கோள், நோக்கம், விளைவு, செயற்பாடு என்று கட்டங்களிட்டு எழுதப்படும் அந்தச் சட்டகம் 1969இல் அமெரிக்க அரசின் உதவி முகவரகத்துக்காக வடிவமைக்கப்பட்டது. உதவிப் பணம் எவ்வாறு செலவாகிறது என்பதை அதிகாரிகள் கண்காணிப்பதற்கான கருவி அது. வாஷிங்டன் அதிகாரியின் வசதிக்காகப் பிறந்த அந்தக் கட்டங்களுக்குள் வாகரை விதவையின் வாழ்வும் வாழைச்சேனை மீனவனின் கடனும் இன்று அடைபட்டுக் கிடக்கின்றன.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, தமக்கு விளங்காத மொழியில் தம்மை ஆளக் கூடாது என்று தமிழ் பேசும் மக்கள் போராடினார்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. நடைமுறையில் அது இன்றும் குறையுடையது; அந்தக் குறைக்கு எதிராக நாம் பேசுகிறோம். ஆனால் தொண்டு ஸ்தாபனத்தின் வாசற்படியைத் தாண்டியதும் ஆங்கிலம் மட்டுமே அரசகரும மொழியாகிவிடுகிறதே, அதைப் பற்றி நாம் ஏன் வாய் திறப்பதில்லை? அரசிடம் உரிமையாகக் கேட்பதை, தருமம் கொடுப்பவரிடம் கேட்கக் கூசுகிறோம். இரப்பவனுக்கு மொழியுரிமை இல்லை என்று நாமே ஏற்றுக்கொண்டு விட்டோமா?

2004 டிசம்பர் 26ஆம் திகதியை எண்ணிப் பாருங்கள். நாவலடியும் டச்பாரும் கல்லடியும் கடலுக்குள் மூழ்கிய காலை அது. மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் 2000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றிட்டில் சிக்கியவர்களைத் தோணிகளில் ஏற்றிக் காத்தவர் யார்? பாடசாலைகளையும் கோயில்களையும் திறந்து சோறு சமைத்துப் போட்டவர் யார்? அயலவர்களே, அவர்களில் தமிழரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். பின்னர் வந்த பணம் கொஞ்சமன்று. பாதிக்கப்பட்ட எல்லா நாடுகளுக்குமாக உலகம் வழங்கியது ஏறத்தாழ 1350 கோடி டாலர். அந்த உதவியை 2006இல் ஆராய்ந்த சர்வதேச மதிப்பீட்டுக் குழுவே சில உண்மைகளை ஒப்புக்கொண்டது. முதல் நாட்களில் உயிர்களைக் காத்தவர்கள் உள்ளூர் மக்களே. பின்னர் வந்த ஸ்தாபனங்கள் தம்முள் போட்டியிட்டன. உள்ளூர் ஸ்தாபனங்களின் ஊழியரைக் கூடுதற் சம்பளத்தால் இழுத்துக்கொண்டன. உள்ளூர் ஆற்றலை வளர்ப்பதற்கு மாறாக ஒதுக்கித் தள்ளின. இதைச் சொன்னவர்கள் நம்மைப் போன்ற விமர்சகர்கள் அல்லர். உதவித் துறையின் உள்ளேயே இருந்தவர்கள்.

முன்மொழிவு எண்ணிக்கையை விரும்புகிறது, விளைவை விரும்புவதில்லை. கண்டல் மரங்களின் கதை இதற்குச் சான்று. கடற்கோளின் பின்னர் இலங்கையின் கரையோரங்களில் கண்டல் நடுவது பெரும் திட்டமாயிற்று. எத்தனை ஆயிரம் கன்றுகள் நட்டோம் என்று அறிக்கைகள் பெருமை பேசின. நமது நாட்டு ஆய்வாளர்கள் 23 இடங்களுக்கு நேரில் சென்று பார்த்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். நடுகை முயற்சி நடந்த பரப்பு 1000 முதல் 1200 ஹெக்டேயர்; வெற்றி கண்டதோ ஏறத்தாழ 200 ஹெக்டேயர் மட்டுமே. 9 இடங்களில் ஒரு கன்று கூட உயிரோடு இல்லை. பொருந்தாத இடத்தில், பொருந்தாத இனத்தை நட்டதும், நட்ட பின் பராமரிக்காததும் தோல்விக்குக் காரணங்கள். தண்ணீர் எந்த மாதத்தில் எவ்வளவு ஏறும், எந்தச் சேற்றில் எந்தக் கன்று பிடிக்கும் என்பதை வீச்சுவலை போடும் கிழவனிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். ஆனால் முன்மொழிவுப் படிவத்தில் அவனுக்கு ஒதுக்கப்பட்ட கட்டத்தின் பெயர் ‘பயனாளி’. பயனாளி பெறுபவன், சொல்பவன் அல்லன்.

அந்தக் கட்டங்களுக்குள் அடங்காதவை எவை என்று பாருங்கள். அவையே நமது உண்மையான பிரச்சினைகள். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள இந்த வாவியின் முகத்துவாரத்தை மாரியில் எப்போது வெட்டுவது? வெட்டினால் படுவான்கரை வயல்களின் வெள்ளம் வடியும். வெட்டும் காலம் தவறினால் மீனும் இறாலும் குறையும். விவசாயியும் மீனவனும் அரச அதிகாரியும் ஒன்றாக அமர்ந்து பேசித் தீர்க்க வேண்டிய அரசியல் அது. போடியாருக்கும் கூலிக்காரனுக்கும் இடையிலான நிலப் பிரச்சினையும், வலைக்கு முன்பணம் கொடுத்து மீனின் விலையைத் தானே நிர்ணயிக்கும் முதலாளியின் பிரச்சினையும், நுண்கடன் வாரத்தவணையால் வீட்டை விட்டு ஓடி ஒளியும் பெண்ணின் பிரச்சினையும் அத்தகையவையே. இவற்றைப் பன்னிரண்டு மாதத் திட்டத்தில் எழுத முடியாது. எனவே என்ன நடக்கிறது? தீர்க்க வேண்டிய பிரச்சினை கைவிடப்பட்டு, எழுதக் கூடிய பிரச்சினை பொறுக்கி எடுக்கப்படுகிறது. கோழிக்குஞ்சும் தையல் இயந்திரமும் வருகின்றன. நிலமும் கடனும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

இங்கே நம்மை யாரும் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். தொண்டு ஸ்தாபனங்களெல்லாம் தேசத்துரோகிகள் என்று கூச்சலிடும் பேரினவாதிகளின் அணியில் நாம் இல்லை. 2006 ஆகஸ்டில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர் ஊழியர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. அந்தக் கூச்சல் எத்தகைய கொலைக்களத்துக்குத் துணை போகும் என்பதை அறிந்தே பேசுகிறோம்.

தொண்டரின் நல்லெண்ணத்தையும் நாம் பழிக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து 1948இல் வந்த யேசுசபைத் துறவி பாதர் ஹேபர்ட் நாற்பதாண்டுகளுக்கு மேல் கிழக்கில் வாழ்ந்தார். நமது பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பயிற்றினார். 1990 ஆகஸ்டில் கலவரத்தின் நடுவே வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற் போனார். அவருடைய சமய நோக்கத்தோடு நமக்கு உடன்பாடு இல்லாதிருக்கலாம். அவருடைய வாழ்வோடு முரண்பட நமக்கு உரிமையில்லை. கனடாவிலிருந்து வந்த ஓவியர் போல் ஹோகன், நமது பாதர் போல் சற்குணநாயகத்தோடு சேர்ந்து 1996இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார். போரில் காயம்பட்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே மண்ணிலும் வண்ணத்திலும் ஒன்றாக விளையாடினார்கள். இவர்கள் வந்தது எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதற்கன்று, இருந்து கற்றுக்கொள்வதற்கு. வேறுபாடு இதில்தான் இருக்கிறது.

“வெளிநாட்டுத் தொண்டர் எழுதித் தந்ததனால்தானே எங்கள் கிராமத்துக்குக் கிணறு கிடைத்தது? உங்கள் கொள்கை எங்கள் தாகத்தைத் தீர்க்குமா?” என்று நண்பர்கள் சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. கிணற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் யாருடைய கையெழுத்தில் தொங்குகிறது என்று நாமும் கேட்கிறோம். 2025 ஜனவரி 20ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி இட்ட ஒரே கையெழுத்தில் அந்நாட்டின் வெளிநாட்டு உதவி உறைந்தது. அவ்வாண்டு ஜூலையில் அந்த உதவி முகவரகமே இல்லாதொழிந்தது. பிரிட்டனும் தனது உதவித் தொகையைத் தேசிய வருமானத்தின் 0.5 வீதத்திலிருந்து 2027இல் 0.3 வீதமாகக் குறைக்கப் போவதாக அறிவித்தது. அழகான ஆங்கிலத்தில் எழுதப்பட்ட முன்மொழிவுகளில் ஒன்றேனும் இதைத் தடுத்ததா? விண்ணப்பத்தில் தங்கிய வாழ்வு, விண்ணப்பத்தை வாங்க ஆளில்லாத நாளில் என்னாகும்?

கணக்குச் சொல்வது நமக்கு அந்நியமான பழக்கமன்று. மட்டக்களப்புக் கோயில்களில் வண்ணக்கர் என்றொரு பொறுப்பு உண்டு. சாதியும் குடியும் பின்னிய அந்த அமைப்பைப் புகழ நாம் வரவில்லை. எனினும் அதில் ஒரு நீதி உண்டு: ஊர்ப் பொருளைக் கையாள்பவன் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். கிராமத்து மரண உதவிச் சங்கமும் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கமும் அந்த நீதியிலேயே நிற்கின்றன. தொண்டு ஸ்தாபனமோ ஊரின் பெயரால் பெற்ற பணத்துக்கு ஊருக்குப் பதில் சொல்வதில்லை. ஊரைக் கடந்து, கடலைக் கடந்து பதில் சொல்கிறது.

ஆகவே நாம் கோருவது இதுதான். எந்த முன்மொழிவும் முதலில் தமிழில் எழுதப்பட வேண்டும். யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் கூடிய சபையில் உரத்து வாசிக்கப்பட வேண்டும். அவர்கள் திருத்திய பின்னரே ஆங்கிலம் காண வேண்டும். வந்த பணத்தின் கணக்கு, சம்பளமும் வாகனச் செலவும் உட்பட, தமிழில் ஊர்ச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். வெளிநாட்டுத் தொண்டர் உள்ளூர் மக்கள் அழைத்தால் வரட்டும். மொழியைக் கற்றுக்கொண்டு, அவர்களுக்குக் கீழே வேலை செய்யட்டும். அரசு செய்ய வேண்டிய பாதையையும் ஆஸ்பத்திரியையும் பாடசாலையையும் தருமத்தின் தலையில் கட்டுவதை எதிர்ப்போம்.

இறுதியாக, ஆசிரியர்களே, மாணவர்களே! இந்த எழுத்து வேலை அந்நியரிடம் போனதற்கு நமது மௌனமும் இடம் கொடுத்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் நூற்றுக்கணக்கான பாடசாலைகளிலும் எழுதப் படிக்கத் தெரிந்த நாம் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படுவான்கரைக் கிராமமொன்றுக்குச் செல்வோம். அங்குள்ளவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதுவோம். மொழிபெயர்க்க வேண்டியதை மொழிபெயர்ப்போம். நன்கொடையாளருக்கு மட்டுமன்றிக் கச்சேரிக்கும் பாராளுமன்றத்துக்கும் பத்திரிகைக்கும் அனுப்புவோம். யாசகமாக எழுதப்பட்டால் அது விண்ணப்பம். உரிமையாக எழுதப்பட்டால் அது கோரிக்கை. வாவிக்கரை மக்கள் தமது கோரிக்கையைத் தாமே எழுதத் தொடங்கும் நாளில், பேனாவை நீட்டுவதற்கு அருகில் நிற்க வேண்டியவர்கள் நாமே.