பழைய காருக்கு வயதல்ல, பராமரிப்பே கணக்கு

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனது. பற்றரி, உதிரிப்பாகங்கள் எனத் தடைப்பட்டியலும் நீண்டது. அந்த ஆண்டுகளில் கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சனங்களை ஏற்றிப் போனவை முப்பது, நாற்பது வயதான ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும்தான். அவை ஓடியது மண்ணெண்ணெயில்.

அது எப்படி முடிந்தது? அந்தக் கால இஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு. மண்ணெண்ணெய் அமுக்கம் கூடினால் நேரத்துக்கு முந்தி வெடித்து இஞ்சினைத் தட்டவைக்கும். அமுக்கம் குறைந்தால் அடங்கி எரியும். குளிர்ந்த இஞ்சினில் அது ஆவியாகாது. ஆகவே ஒரு சொட்டுப் பெற்றோலை கார்புரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். எரியாமல் மிஞ்சியது ஒயிலோடு கலந்து அதை நீர்க்கவைக்கும். பிளக்கில் கரி படியும். ஒயிலை அடிக்கடி மாற்றுவதும் பிளக்கைக் கழற்றித் துடைப்பதும் ஓட்டுநரின் அன்றாட வேலையாயின.

இதில் அந்தக் கார்களின் பெருமையைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. திறந்து பார்க்கக்கூடிய இயந்திரம், அதைத் தெரிந்த கராஜ்காரர், சத்தம் மாறினால் உடனே காது கொடுக்கும் சொந்தக்காரர் ஆகிய மூன்றும் சேர்ந்தே அவற்றை ஓடவைத்தன.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் லண்டனில் அறிமுகமானது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை சுமார் 16 இலட்சம் கார்கள் வெளிவந்தன. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கை அரசு இறக்குமதியை இறுக்கியதும், வந்து சேர்ந்த கார்களைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. தகடு அடிக்கவும் இல்லாத பாகத்தைக் கடைந்தெடுக்கவும் நம்மவர்கள் பழகினார்கள். பின்னாளில் பிரித்தானியாவின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேயார், அந்தக் காருக்கான உடற்பாகங்களை இலங்கையில் செய்வித்துத் தன் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். காரைப் பிறப்பித்த நாட்டுக்கே பாகம் செய்து அனுப்பும் அளவுக்கு இங்கு கைத்திறன் இருந்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான தடை நீங்கியது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை எங்கோ போனது; வாங்கிய விலையைவிடக் கூட்டி விற்றவர்கள் பலர். இப்போது வரியும் சேர்ந்து எகிறிய விலையில் புதிய கார்கள் வருகின்றன. லீசிங் விளம்பரங்களும் கூடவே வருகின்றன.

மாதக் கட்டணத்துக்குக் கையெழுத்து வைப்பதற்கு முன், வீட்டில் நிற்கும் 1990களின் ஜப்பானியக் காரை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது நல்லது. சந்தைக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் ஓடும் குடும்பத்துக்கு, துரு ஏறாத பழைய கொரோலா ஒன்று இன்னும் பல வருடம் உழைக்கும். லீசிங் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை மாதாமாதம் ஒதுக்கினாலே பராமரிப்புச் செலவின் பெரும்பகுதி அடங்கிவிடும்.

அதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. ஒயிலையும் ஒயில் பில்டரையும் கிலோமீற்றர் கணக்கில் மட்டுமல்ல, மாதக் கணக்கிலும் மாற்ற வேண்டும். குறைவாக ஓடும் காரிலும் ஒயில் கெடும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பாதுகாப்பு. ரைமிங் பெல்ற் உள்ள இஞ்சினில், அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இல்லாவிட்டால் உடனே மாற்றுவதே புத்தி. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் வருடத்தையும் காட்டும். பூ தேயாவிட்டாலும் இறப்பர் முதுமையடையும்.

யாழ்ப்பாணத்தாருக்கு மேலதிகமாக ஒன்று. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் அறிவர். அதே தண்ணீரை றேடியேற்றருக்குள் ஊற்றினால் உள்ளே குழாய்களை அடைத்துவிடும். கூலன்ற் வாங்கி ஊற்றும் செலவு, இஞ்சின் சூடேறித் தலைப்பகுதி வளைந்தால் வரும் செலவோடு ஒப்பிடத் தகாதது. கரையோரத்தவர்கள் உப்புக்காற்றுக்காகக் காரின் அடிப்பகுதியைக் கழுவித் துருத்தடுப்பும் பூச வேண்டும்.

பழைய கார் எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விபத்தில் உயிர்காக்கும் காற்றுப்பைகள் பல பழைய கார்களில் இல்லை; எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும். அடிக்கடி கொழும்புக்கு ஓடுபவர் புதியதை நாடுவதில் நியாயம் உண்டு. அடிச்சட்டத்தைத் துரு தின்ற காரைப் பாசத்துக்காக வீதியில் விடுவது மற்றவர்களுக்கும் ஆபத்து.

அரசுக்கும் இதில் பங்குண்டு. வருடாந்த அனுமதிப்பத்திரத்துக்காக இப்போது நடக்கும் புகைப் பரிசோதனை, பிரேக்கையோ அடிச்சட்டத்தையோ பார்ப்பதில்லை. குறிப்பிட்ட வயதைக் கடந்த தனியார் கார்களுக்கு எளிய கட்டணத்தில் பிரேக், அடிச்சட்டப் பரிசோதனையையும் சேர்க்கலாம். கூடவே பிரேக், சஸ்பென்சன் போன்ற பாதுகாப்பு உதிரிப்பாகங்களின் இறக்குமதி வரியைக் குறைக்கலாம். வயதைக் காரணம் காட்டிக் கார்களை ஒதுக்குவதைவிட, தகுதியைச் சோதித்து ஓடவிடுவதே அந்நியச் செலாவணிக்குத் தவிக்கும் ஒரு நாட்டுக்குப் பொருத்தமான கொள்கை.